அஞ்சுகிராமத்துக் கட்டஞ்சாயா: வெளிநாட்டுக்காரர் உட்காரும் கடை

ஒரு வாசகரின் கேள்வி, 11 பிப்ரவரி 2024

குமரி மாவட்டத்தில் டீக்கடை உண்டு, பேக்கரி உண்டு, பரோட்டாக் கடை தெருவுக்கு இரண்டு உண்டு. கஃபே மட்டும் கிடையாது. புதுச்சேரியிலும் வர்க்கலாவிலும் வெளிநாட்டுக்காரர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசுகிறார்களே, அப்படி ஒரு கடை நம் மாவட்டத்தில் இருந்தால் காட்டுங்கள். குடித்தோமா, கிளாஸை வைத்தோமா, நடையைக் கட்டினோமா என்பதுதான் நம் ஊர்.

11 பிப்ரவரி, இரவு

இருக்கிறது. அஞ்சுகிராமத்தில். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

கஃபே என்று போர்டு இல்லை. போர்டே இல்லை. ஒரு பழைய வீட்டின் முன்கட்டு, நாழி ஓடு, வாசலில் ஒரு வேப்ப மரம். மரத்தடியில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே இரண்டு பெஞ்ச். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போனால் அந்த ஆறு நாற்காலியிலும் ரஷ்யாக்காரர்கள். ஏழரை வரைக்கும் எழுந்திரிக்க மாட்டார்கள். கடைக்காரரும் எழுப்ப மாட்டார்.

கடை பேரையும் கடைக்காரர் பேரையும் கேட்காதீர்கள். ரீல்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டால் அந்த வேப்ப மரம் தாங்காது.

12 பிப்ரவரி

"அஞ்சுகிராமத்தில் எப்படி ரஷ்யன்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்துக்காரன் கேட்க மாட்டான்.

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம். அணு உலையில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பான அணுவிஜய் நகரியம் இருக்கிற செட்டிகுளமும் அந்த மாவட்டம்தான். ஆனால் மாவட்ட எல்லை தாண்டினால் அடுத்த பெரிய கடைத்தெரு எங்கள் அஞ்சுகிராமம். காய்கறி, செருப்பு, குழாய்க்கு வாஷர் எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். நான் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். வாஷரை ரஷ்ய மொழியில் எப்படிக் கேட்பார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். விரலை வளையமாக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். 2002-இல் வேலை ஆரம்பித்தது. தலா 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுமானத்தில். அதனால் இவர்கள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இல்லை. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று குடியிருப்பவர்கள். விவேகானந்தர் பாறையில் படம் எடுத்துவிட்டு மூன்று மணி ரயிலைப் பிடிக்கிற கூட்டத்தோடு இவர்களைச் சேர்க்காதீர்கள். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோகிற கவலை உள்ளவர்கள்.

12 பிப்ரவரி, மதியம்

"கோவளம் போனால் தெருவுக்குத் தெரு கஃபே" என்று எழுதியவருக்கு: அது திருவனந்தபுரத்துக் கோவளம். எங்கள் கோவளம் கன்னியாகுமரிக்கு மேற்கே இருக்கிறது. மாதா கோயில், வள்ளம், வலை, வெயிலில் காயும் நெத்திலி. மனிதர்கள் தங்கமானவர்கள், ஆனால் அங்கே போய் வாழைப்பழப் பேன்கேக் கேட்டால் வாழைப்பழம் மட்டும் கிடைக்கும்.

15 பிப்ரவரி

சரி, அந்தக் கடையின் சாயாவைப் பற்றிச் சொல்லாமல் என்ன பதிவு இது.

கடைக்கார அண்ணன் மேற்கே விளவங்கோடு பக்கத்துக்காரர். கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். அவருக்கு டீ என்ற சொல்லே வராது, சாயாதான். பால் இல்லாவிட்டால் கட்டஞ்சாயா. 1949 வரை நாங்கள் திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி. நான்கு தாலுகாவும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தாலும் நாக்கு வரவில்லை. அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் டீ, மேற்கே போகப் போக சாயா.

ரஷ்ய மொழியிலும் சாய். அதுதான் விஷயமே. முதன்முதலில் ஒரு ரஷ்யன் இந்தக் கடை முன்னால் நின்று "சாய்" என்றதும், அண்ணன் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டாராம். "இருவது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஒருத்தனும் சாயான்னு சொல்லல. எங்கேயோ கெடந்து வந்தவன் சொல்லுகான் பாரு!"

சீனாவில் ஒரே எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. பெரும்பாலான இடங்களில் சா. ஃபூஜியன் கடற்கரைப் பக்கம் தே. அங்கே டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றிப்போன தேதான் ஐரோப்பாவில் டீயாகி நம்மிடமும் வந்தது. போர்ச்சுகீசியர் சீனாவின் மக்காவ் துறைமுகத்தில் கேட்டது சா. ரஷ்யாவுக்குத் தரைவழியாக, ஒட்டகத்தின் முதுகில் போனதும் அந்த சா வகைதான். இரண்டு சா-க்காரர்கள் அஞ்சுகிராமத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த முதல் ஆள் வெறும் சாய் என்று சொல்லவில்லை. "தாய் சாய்" என்றிருக்கிறார். ரஷ்ய மொழியில் கொடு என்பதற்கு அப்படி. த-வை அழுத்திச் சொல்வதால் அண்ணன் காதில் அது "டாய்!" என்று விழுந்தது. சாயா என்ற சொல்லுக்காக டாயை மன்னித்தார் என்பதே உண்மையான வரலாறு. போதாக்குறைக்கு ஆமாம் என்பதற்கும் அவர்கள் "தா, தா" என்பார்கள். அது டா, டா என்று கேட்கும். இரண்டு வாரம் அண்ணன் முகம் கறுத்தே இருந்ததாம்.

16 பிப்ரவரி, இரவு

இல்லை, வேண்டாம். "தா என்பதிலிருந்துதான் ரஷ்யனின் தாய் பிறந்தது, தமிழே மூலம்" என்று கிளம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்குச் சமஸ்கிருத தானத்தோடுதான் உறவு. நம் தாவோடு ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். ஒலி ஒற்றுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. இன்னொரு நாள்.

24 பிப்ரவரி

அந்த உலோகப் பிடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். (யாருக்கு இது தெரிந்திருக்கிறது? அங்கே போனீர்களா? போனதை ஏன் சொல்லவில்லை?)

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் முருகன் படம், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தாங்கி. ரஷ்ய ரயில்களில் சாயா கிளாஸை இதற்குள் வைத்துத்தான் கொடுப்பார்கள். கைப்பிடி உண்டு, சுற்றிலும் பூவேலை. பேர் பத்ஸ்தகான்னிக். அண்ணன் வாயில் அது பச்சக்காணி.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெல்டர் கொடுத்துவிட்டுப் போனது. அண்ணன் உடனே நம் கிளாஸை எடுத்து அதற்குள் வைத்தார். நம் கிளாஸோ அடி சிறுத்து வாய் விரிந்தது. உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. தினத்தந்தியை எட்டாக மடித்துச் சுற்றி இறுக்கி, அதற்குள் கட்டஞ்சாயா ஊற்றி நீட்டினார். வெல்டர் குடித்தார். கடைசி வாய்க்கு முன்னால் தாள் ஊறிக் கிளாஸ் சாய்ந்து பேன்ட்டில் ஊற்றியது. அன்று முதல் அது சாமி படத்துப் பக்கத்தில்.

2 மார்ச்

இப்போது ஒரு குறை. கடையைப் புகழ்ந்தே எழுதுகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார், நியாயம்தான்.

நாற்காலி மரத்தடியில், பெஞ்ச் உள்ளே புகைக்குள். வெளிநாட்டுக்காரருக்கு நாற்காலி, நமக்கு பெஞ்ச். போன வருஷம் நான் ஒரு நாற்காலியில் உட்காரப் போனபோது அண்ணன் "மக்கா, உள்ள இருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைத்தோல் என்றால் நம் ஆளுக்கு முதுகெலும்பு தானாக வளையும் என்று அன்றைக்கு வீட்டில் வந்து கத்தினேன். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் ஏசி போட்ட ஒரு கடையில் குடித்தேன். 60 ரூபாய்க்கு ஒரு காப்பி, நுரை பாதி. பில்லோடு ஒரு சிரிப்பும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்த நாற்காலி இன்னும் உறுத்துகிறது.

3 மார்ச்

விலையைப் பற்றிக் கேட்டவருக்கு: எல்லாருக்கும் ஒரே விலை. பால் சாயா 12, கட்டஞ்சாயா 10, எலுமிச்சம்பழம் பிழிந்தால் கூட 2. அதில் குற்றம் சொல்ல முடியாது.

9 மார்ச்

தின்பண்டம். பழம்பொரி, உளுந்த வடை, சாயங்காலம் ரசவடை. மட்டிப் பழக்குலை ஒன்று எப்போதும் தொங்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மட்டிதான், இங்கே அது பிள்ளைக்குக் கொடுக்கிற பழம். ரஷ்யர்கள் முதலில் அதன் அளவைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது ஒரு சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஒரு ரஷ்ய அம்மா, அண்ணனின் மனைவிக்கு பிளினி சொல்லிக்கொடுக்க அடுக்களைக்கே வந்துவிட்டாராம். மாவு, முட்டை, பால், மெல்லிசாக ஊற்றித் திருப்பு. அக்கா கடைசி வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது மைதா தோசல்லா? இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. சனிக்கிழமை மட்டும் இப்போது அது கிடைக்கும். தேங்காயும் கருப்பட்டியும் பூரணமாக வைத்துச் சுருட்டி. ரஷ்யாவில் இது செல்லுமா தெரியாது, அஞ்சுகிராமத்தில் செல்கிறது.

அப்புறம் கருப்பட்டி. என் தாத்தா கட்டஞ்சாயாவில் இனிப்புப் போட மாட்டார். ஒரு கருப்பட்டித் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு சாயாவை அதன் வழியாக உறிஞ்சுவார். நீலத் தொப்பி போட்ட ஒரு ரஷ்யர் அப்படியே செய்வதைப் பார்த்தேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், அது அவர்கள் ஊர்ப் பழக்கமாம், சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. அதற்கென்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், வ்பிரிகூஸ்கு. நம்மிடம் பழக்கம் உண்டு, சொல் இல்லை. தாத்தாவிடம் சொல்லியிருந்தால், "ஓகோ" என்பார்.

சாயா போடும் முறையிலும் இப்படித்தான். துணி வடிகட்டியில் கெட்டியாக இறக்கிய சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, மேலே கொதிநீர் விடுவதை முதலில் பார்த்த அன்று நீலத் தொப்பி, தம் வீட்டு அடுக்களையைப் பார்த்தது போலத் தலையாட்டினார். அவர்கள் வீட்டிலும் கெட்டிச் சாறு தனி, வெந்நீர் தனி.

17 மார்ச்

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "2011-இல் இடிந்தகரையில் அணு உலையை எதிர்த்து ஜனங்கள் பட்டினி கிடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இப்போது ரஷ்யனோடு சாயாவா?"

பந்தலில் இருந்தேன். ஒரே ஒரு நாள்தான், ஆனால் இருந்தேன். லூர்து மாதா கோயில் முற்றத்தில் வெறும் மணலில் உட்கார்ந்து, பக்கத்துப் பாட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். என் பெரியம்மா மகள் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் இன்றும் இந்தக் கடைக்கு வந்தால் நாற்காலிப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடி குடித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அணு உலை பற்றிய என் பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை.

இதை நீலத் தொப்பியிடம் ஒருநாள் சொன்னேன். எனக்கு அரைகுறை ஆங்கிலம், அவருக்குக் கால்குறை. உலை இருக்கிற திசையைக் காட்டி, கையைக் கூப்பி, உண்ணாவிரதத்துக்கு வயிற்றைத் தட்டிக் காட்டினேன். என்னென்னவோ செய்தேன். அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "செர்னோபில்" என்றார். "பாப்பா" என்றார். கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இவருடைய குழந்தைக்கு என்ன ஆயிற்று?

18 மார்ச்

மேலே எழுதியதைப் படித்து வருத்தப்பட்டு எழுதியவர்களுக்கு. பொறுங்கள், அது முடியவில்லை. தூக்கம் வந்துவிட்டது, பாதியில் விட்டேன்.

அணுவிஜய்க்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் வீடுகளிலேயே கேட்டுக் கேட்டு அந்த மொழியைச் சரளமாகப் பேசுவார், பூண்டு விலையைப் பற்றிச் சண்டைகூடப் போடுவார். மறுநாள் அவரிடம் விசாரித்தேன். சிரித்தார். "பாப்பான்னா அவிய பாஷையில அப்பா மக்கா. பிள்ளை இல்ல."

1986-இல் செர்னோபில் வெடித்த பிறகு துப்புரவு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆறு லட்சம் பேர். அவர்களில் ஒருவர் நீலத் தொப்பியின் அப்பா. அங்கே இருந்தது வேறு வகை உலை, இங்கே இருப்பது வேறு வகை. அதை நீலத் தொப்பி வரைபடம் போட்டு விளக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அன்று அவர் சொல்ல வந்தது அது இல்லை. அவருக்கும் அந்தப் பயம் தெரியும் என்பதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தெரிந்தும் அங்கேயே வேலை செய்கிறார். அவர் நிலையில் நான் என்ன செய்திருப்பேனோ.

ஒலி ஒற்றுமைக் கதை என்று சொன்னேனே, இதுதான்.

31 மார்ச்

லேசான விஷயத்துக்கு வருவோம். பிளினி அம்மாவின் பிறந்தநாளுக்கு அண்ணன் தோவாளைச் சந்தையிலிருந்து ரோஜா வாங்கி வந்தார். ஆறு. அந்த அம்மா வாங்கிக்கொண்டு, எண்ணிப் பார்த்து, ஒன்றை மெதுவாக உருவி முருகன் படத்துக்கு வைத்துவிட்டு, ஐந்தோடு முகம் மலர்ந்தார். அவர்கள் ஊரில் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது சாவுக்கு. நாம் 100 ரூபாய் மொய்யை 101 ஆக எழுதுகிறவர்கள், இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "அஞ்சு போதும்னு முன்னமே சொல்லியிருந்தா ஒரு பூக் காசு மிச்சம்."

14 ஏப்ரல்

"வெளிநாட்டுக்காரன் நம் மாவட்டத்தில் குடியிருப்பது புதுப் பழக்கம்" என்றவருக்கு. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய், திருவிதாங்கூர் ராஜாவின் படைத்தளபதியாகி, 1777-இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். அதுவும் எங்கள் ஊருக்குப் பக்கம்தான், சிற்பிகளின் ஊர். இவர்களும் சாயங்காலம் எங்கேயாவது உட்கார்ந்துதானே இருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்தில் சாயா கிடைத்திருக்காது, அக்கானியோ (பதநீர்) கள்ளோ கிடைத்திருக்கும்.

15 ஜூன்

இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை, வீட்டில் ஒரு கல்யாணம். இப்போது காற்று காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அடிக்கிற காற்றில் முப்பந்தல் காற்றாலை எல்லாம் பேயாட்டம் ஆடுகிறது. கடையில் அடுப்பைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள், மரத்தடியில் சாயாவில் மண் விழுகிறது. இப்போது எல்லாரும் உள்ளே. பெஞ்சில் நான், பக்கத்தில் நீலத் தொப்பி, அவர் தோள் இடிக்கிறது.

அப்போதுதான் நாற்காலி விஷயத்தைக் கேட்டேவிட்டேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மக்கா, உனக்கு ஞாபகம் இல்லியா? அண்ணைக்கு அந்த நாற்காலிக்குக் கால் விரிஞ்சு கெடந்தது. உம்ம கனத்துக்கு அது ஒடிஞ்சுரும்னுதான் உள்ள இருக்கச் சொன்னேன்."

பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீலத் தொப்பிக்கு யாரோ சைகையில் விளக்க, அவரும் சிரித்தார். 2 மார்ச் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். 94 கிலோ. போதுமா?

16 ஜூன்

முழுக்க வாபஸ் இல்லை. அந்த நாற்காலி உடைந்திருந்தது சரி. ஆனால் நம் ஆட்கள் யாரும் மற்ற ஐந்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் சொல்லாமலேயே நாமாகத்தான் உள்ளே போகிறோம். அது யார் செய்த ஏற்பாடு என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

7 ஜூலை

கேள்வி கேட்ட வாசகர் நேற்று கடைக்குப் போயிருக்கிறார். தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், இங்கே போடலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறார். நாகர்கோவிலிலிருந்து மயிலாடி வழியாக பஸ் ஏறி, இரண்டு தரம் வழி கேட்டு, ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கப்புச்சினோ கேட்டாராம். அண்ணன், "அது தீந்துபோச்சு" என்றாராம், ஒருநாளும் இருந்ததில்லை என்று சொல்லாமல். பெஞ்சில் இடம் இல்லை. காற்று கொஞ்சம் அடங்கியிருந்ததால் மரத்தடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. உட்காரவா வேண்டாமா என்று நின்றிருக்கிறார். நீலத் தொப்பி காலால் அந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "தாய் சாய்" என்று உள்ளே குரல் கொடுத்தாராம்.

ஏழரை வரை இருந்ததாகவும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதாகவும் சொல்கிறார். ஆட்டோவுக்கு ஆன காசை என்னிடம் கேட்கிறார்.